முகத்தை அழித்தவர்

அந்த ஜாடியை முதல்முறை பார்த்தபோது, "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே அக்கா கேட்டார்: "வடிவுதான். விழுந்து கிடக்கிறவனைப் பார்த்தீரோ?"

நான் பார்த்திருக்கவில்லை. நின்றுகொண்டிருந்த வீரனைத்தான் பார்த்திருந்தேன். பிறகு அவரோடு பழகிய காலமெல்லாம் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவருடைய கண் முதலில் தரைக்குத்தான் போகும் என்பதைத் தெரிந்துகொண்டேன். யார் ஜெயித்தார் என்று அவர் கேட்டதே கிடையாது.

சிட்னியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் இருவரும் வேலை பார்த்தோம். நான் அங்கே இருக்கும் பொருட்களை இணையத்தில் ஏற்றுவதற்காகப் படமெடுக்க ஒப்பந்தத்தில் வந்தவள். அவர் உடைந்த மண்பாண்டங்களைச் செப்பனிடுபவர். யாழ்ப்பாணத்துக்காரர். பல்கலைக்கழகப் படிப்பை இங்கேதான் படித்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கட்டையாக வெட்டிய முடி; நரையை மறைக்கமாட்டார். என்னை 'நீர்' என்றுதான் அழைப்பார். மதுரையிலிருந்து வந்த எனக்கு ஆரம்பத்தில் அது ராஜா ராணி நாடகம் போல இருந்தது. "இந்த விளக்கைக் கொஞ்சம் பிடியும்" என்பார். நான் சிரித்துவிடுவேன். அவர் சிரிக்கமாட்டார். ஏன் சிரிக்கிறேன் என்றும் கேட்கமாட்டார்.

ஜன்னல் இல்லாத அறை எங்களுடையது. மேசையில் மணல் நிரப்பிய தட்டு, அதன்மேல் அந்த ஜாடி. கிரேக்கர்கள் விருந்தில் மதுவையும் தண்ணீரையும் கலப்பதற்கு வைத்திருந்த பெரிய வாயகன்ற ஜாடி. அதைச் சுற்றி ஒரு போர். நடுவில் ஒருவன் ஈட்டியை ஓங்கி நிற்கிறான். அவன் மார்புக் கவசத்தின் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. தலைக்கவசத்துக்கு மேலே குதிரை மயிர்க் கொண்டை. அவன் காலடியில் இன்னொருவன் ஒரு முழங்காலில் சரிந்துகிடக்கிறான். கேடயம் நழுவிவிட்டது. இடுப்புக்கு மேலே ஒரு காயம். ஒரு கையை நின்றவனின் தாடையை நோக்கி விரித்து நீட்டியிருக்கிறான். அப்படித் தாடையைத் தொடுவது அந்தக் காலத்தில் உயிர்ப்பிச்சை கேட்பது என்று அக்கா சொன்னார்.

"உருவத்துக்கு என்ன நிறம் பூசினவன் எண்டு சொல்லும் பாப்பம்?"

"சிவப்பு."

"ஒண்டுமே பூசேல்லை. அது வெறும் களிமண். ஆளைச் சுத்திக் கறுப்பைப் பூசிக்கொண்டு வருவான். பூசாமல் விட்டதுதான் ஆள்."

அந்த ஓவியன் எவ்வளவு கைதேர்ந்தவன் என்பதை அவர் காட்டிய பிறகுதான் என் கேமராவும் சரியாகப் பார்க்க ஆரம்பித்தது. உடலின் விளிம்புக் கோடு நூல் ஒட்டினாற்போல மேலெழுந்து நிற்கும். விரலால் தடவினால் தட்டுப்படுமாம். வயிற்றுத் தசைக்கு அதே கறுப்பைத் தண்ணீர் கலந்து, தேநீர் நிறத்தில் இழுத்திருப்பான். காயத்திலிருந்து வழியும் ரத்தம் மட்டும் மேலே தனியாகப் பூசிய சிவப்பு. மற்றதெல்லாம் சூளையில் வெந்து நிலைத்துவிட்டது. ரத்தம்தான் முதலில் உதிரும். இந்த ஜாடியில் இரண்டு சொட்டு மிச்சம் இருந்தது.

ஒரு நாள் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தார். விழுந்தவனின் கைக்குப் பக்கத்தில், கறுப்புப் பூச்சுக்கு அடியில், மெல்லிய பள்ளமாக ஒரு கோடு தெரிந்தது. மண் ஈரமாக இருந்தபோது ஓவியன் மழுங்கிய குச்சியால் போட்ட முதல் வரைவு அது. அந்த வரைவில், நீட்டிய கையில் ஒரு வாள் இருந்தது.

"முதல் இவனும் சண்டைதான் பிடிச்சிருக்கிறான்," என்றார். "பிறகு வாளைப் பறிச்சுப்போட்டுக் கையை விரிச்சு விட்டிருக்கு."

"ஏன்க்கா?"

டார்ச்சை அணைத்தார். "தெரியாது."

அக்கா தெரியாது என்றால் அதற்கு மேலே ஒரு வார்த்தை வராது. அப்படி இருக்கலாம், இப்படி இருக்கலாம் என்ற பேச்சே கிடையாது.

அந்த ஜாடி எங்கள் அருங்காட்சியகத்தில் பேர்போனது. அதற்குக் காரணம் விழுந்தவனின் முகம். அரைக்கண் மூடி, உதடு லேசாகப் பிரிந்து, பார்ப்பவர் மனதைப் பிசையும் இளம்முகம். தபால் அட்டையில் அந்த முகம், கடையில் விற்ற துணிப்பையில் அந்த முகம். பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் அமைதியாகிவிடுவார்கள்.

ஒரு புதிய கண்காட்சிக்காக எல்லாவற்றையும் பரிசோதித்தபோது அக்கா அந்த முகத்தின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டினார். ஜாடி முழுவதும் இருண்டிருக்க, முகம் மட்டும் பால்நிறத்தில் ஒளிர்ந்தது. நான் படமெடுத்தேன். அது கிரேக்க ஓவியன் போட்ட முகம் இல்லை. உடைந்து தொலைந்த துண்டின் இடத்தில், ஜாடியை விற்ற யாரோ ஒருவர் பிற்காலத்தில் சுண்ணச்சாந்தை வைத்து, தன் கற்பனைக்கு வந்த முகத்தை எழுதியிருந்தார்.

"எடுக்கோணும்," என்றார் அக்கா.

கண்காட்சியின் பொறுப்பாளர் நல்ல பெண்மணி, வெள்ளைக்காரர். எங்கள் அறைக்கு வந்து ஜாடியின் முன்னால் வெகுநேரம் நின்றார். இது பழைய வேலைதானே, இதுவும் இப்போது ஜாடியின் வரலாற்றில் சேர்ந்துவிட்டதே, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதாதா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

"இது விற்றவருக்குப் பிடித்த முகம். இவனுடைய முகம் இல்லை," என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவனுடைய முகம் கிடைக்கப்போவதில்லையே. இதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?"

"கிடைக்கவில்லை என்பது மிஞ்சும்."

குழு கூடியது. அரை மனதோடு சம்மதித்தார்கள். அக்கா பஞ்சு சுற்றிய குச்சியை மருந்தில் தொட்டுத் தொட்டு, கொசுவளவு கொசுவளவாக அந்த முகத்தை எடுத்தார். வாரக்கணக்கில் நடந்தது. நான் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்தேன். முதலில் உதடு போனது, பிறகு கன்னம். கண் கடைசியாக இருந்தது. அன்று மட்டும் அவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தார். உட்கார்ந்து, அதையும் எடுத்தார்.

கழுத்துக்கு மேலே, மண்ணைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறத்தில் வெறும் பூச்சு. கண்காட்சி திறந்தபோது பலர் புகார் எழுதினார்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்க வரும் ஒரு கிழவர் காவலரிடம், "அந்தப் பையனை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாராம். அக்காவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அவருடைய தம்பியைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். வேலை முடிந்து ஒரே ரயிலில் திரும்புவோம். நான் ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கிவிடுவேன். அவர் பரமட்டா தாண்டிப் போகவேண்டும். அங்கே ஒரு வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். அம்மாவிடமிருந்து தினமும் ரயிலில் போன் வரும். ஒரு நாள் போனை வைத்துவிட்டு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்: "அம்மா தம்பியைக் கனவில கண்டவவாம். எனக்கு ஒரு தம்பி. சண்டை முடியேக்க காணாமல் போனது."

அவர் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். 'காணாமல் போனது' என்பதைத் தவிர, தம்பியைப் பற்றிய பேச்சில் வினைச்சொல்லே வராது. "தம்பிக்கு மாம்பழம் எண்டால் சரி." "தம்பிக்கு ரெண்டு கையாலயும் எழுத்து." சாப்பிட்டான் என்றால் செத்தவனாகிவிடுவான், சாப்பிடுவான் என்றால் உயிரோடு இருப்பவனாகிவிடுவான். அம்மா அப்படியில்லை. ஒரு நாள் "அவன் மீன் தின்னமாட்டான்" என்பார். மறுநாள் "என்ர பிள்ளை மீனே தின்னாமல் இருந்தவன்" என்று அழுவார். மகள் எதற்கும் ஆமோதிக்கமாட்டார், மறுக்கவும் மாட்டார்.

சிட்னியில் இருந்த அவருடைய ஊர்க்காரர்கள் அவரை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் போரில் இறந்தவர்களுக்கு ஒரு மண்டபத்தில் படங்களை வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். தம்பியின் படத்தையும் தரும்படி கேட்டார்கள். "செத்துப்போனவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் அக்கா. கேட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருடைய இரண்டு பிள்ளைகளின் படங்கள் அந்த வரிசையில் இருந்தன. அவர் அதற்குப் பிறகு அக்காவோடு பேசவில்லை.

இன்னொரு நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அவர் வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். படகில் வந்து, விசா முடிவுக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கும் ஒருவர் அம்மாவைத் தேடி வந்தார். தம்பியைக் கண்டதாகச் சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சண்டையின்ர கடைசி நாளம்மா. ஆமியிட்டக் கையை உயர்த்திக்கொண்டு வரிசையில போனவர். எனக்கு முன்னால கொஞ்சத் தூரத்தில."

அக்கா சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்றார். "முகத்தைப் பார்த்தனீங்களோ அண்ணை?"

"முதுகைத்தான் பார்த்தனான் தங்கச்சி. ஆனால் நடை அவரின்ர நடை. ஒரே பள்ளிக்கூடம், எனக்குத் தெரியாதோ?"

"கூப்பிட்டனீங்களோ?"

"அந்த நேரம் ஆர் ஆரைக் கூப்பிடுறது?"

"அப்ப ஆரெண்டு தெரியாது," என்றார் அக்கா.

அந்த மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. தேநீரைக் குடிக்காமல் எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சொல்லுங்கோ தம்பி, நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டார். அவர் போன பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, "ஒரு முதுகையாவது எனக்கு விட்டிருக்கலாம் நீ" என்றார். அக்கா தட்டை மேசையில் வைத்தார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அம்மா நோயில் விழுந்தார். பரமட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. நான் வேலை முடிந்து போவேன். அறிவு கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தது; அதுதான் கஷ்டம். ஒரு மாலை, நர்ஸ் வந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனதும், அம்மா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"எனக்கு இனி நாளில்லை. ஒரு சொல்லுச் சொல்லு. தம்பி இருக்கிறானோ, இல்லையோ?"

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எது எண்டாலும் சரி. இல்லையெண்டால் அவன் அங்க நிப்பான் எண்டு போறன். இருக்கிறான் எண்டால் நீ பாப்பாய் எண்டு போறன். ஒண்டைச் சொல்லு பிள்ளை."

சொல்லுங்களேன், எதையாவது சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன். அவர் குனிந்து அம்மாவின் நெற்றியில் கைவைத்தார்.

"எனக்குத் தெரியாது அம்மா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பின்னும் சில நாட்கள் இருந்தார். நர்ஸிடம் தண்ணீர் கேட்டார், என்னிடம் வெயில் வந்துவிட்டதா என்று கேட்டார். மகளோடு பேசவில்லை. அக்கா ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை. அந்த முதுகின் பக்கத்தில் உட்கார்ந்து கால்களை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன்க்கா, ஒரு பொய்தானே?" என்று காரில் கேட்டேன். எனக்குக் கோபம்.

"எந்தப் பொய்யை? இல்லை எண்டு சொன்னால், அவனை நானே சாக்காட்டினதாய்ப் போகும். இருக்கிறான் எண்டு சொன்னால், இருக்கிறவனை நான் தேடாமல் இருக்கிறன். ரெண்டில ஒண்டை நீர் தெரிஞ்சு தாரும், நான் நாளைக்குச் சொல்லுறன்."



அம்மா இறந்த மறுநாள், மெல்பனில் பொயிண்ட் குக்கில் இருக்கும் மாமா வந்து மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தார். அவர்களுடைய அறிவித்தலுக்கு ஒரு முறை இருக்கிறது. இறந்தவரின் பிள்ளைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொருவரும் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். முன்னமே இறந்துபோன பிள்ளையாக இருந்தால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். மாமா மடிக்கணினியில் தட்டிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் நிறுத்தினார்.

"தம்பிக்கு முன்னால காலஞ்சென்ற போடுறதோ?"

"வேண்டாம் மாமா."

"அப்ப பேருக்குப் பின்னால எந்த ஊரைப் போடுறது?"

"ஊரும் வேண்டாம்."

"பிள்ளை, உலகம் முழுக்கச் சனம் பார்க்கும். உயிரோட இருக்கிறவனுக்கு ஊர் இருக்கோணும். இல்லாதவனுக்குக் காலஞ்சென்ற இருக்கோணும். என்ன விசர்க்கதை இது?"

"பேரை மட்டும் போடுங்கோ."

மாமா கத்தினார். உன் அம்மாவை அப்படி அனுப்பினாய், இனி அவனையும் அந்தரத்தில் விடுகிறாயா என்று கேட்டார். அக்கா எதிர்த்துப் பேசாமல், அவர் கத்தி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறிவித்தல் அவர் சொன்னபடியே வந்தது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் துக்கம் விசாரித்தவர்களில் சிலர், "மகன்ர பேரில அச்சுப்பிழை ஒண்டு விழுந்திட்டுது போல" என்றார்கள். "பிழையில்லை," என்றார் அக்கா.

மயானத்தில் மகன் செய்யவேண்டியதையெல்லாம் அவரே செய்தார். கடைசியில் தகன அறையின் பொத்தானை அவரே அழுத்தினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பின்வரிசையில் யாரோ "கல்லு" என்றது எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

அதே வருஷம் என் ஒப்பந்தம் முடிந்தது. அவரும் வேலையை விட்டுவிட்டு மெல்பன் பக்கம் போனார். ஆரம்பத்தில் போனில் பேசிக்கொண்டோம், பிறகு அது குறைந்து நின்றுபோனது. இப்போது அவரை நினைத்தால் எனக்கு மயானமோ ஆஸ்பத்திரியோ ஞாபகம் வருவதில்லை. அந்தியேட்டி நாள்தான் வருகிறது. முப்பத்தோராம் நாள் செய்யும் சடங்கை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டின் கராஜில் காரை வெளியே எடுத்துவிட்டு, தரையைக் கழுவி, வாழையிலை போட்டிருந்தார்கள். ஆட்கள் அதிகமில்லை. மாமா, நான், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வருஷங்களே ஆன குருக்கள். பகலில் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவர். அன்று மழை. அம்மாவுக்குச் செய்யவேண்டியதை முடித்துவிட்டு, எள்ளையும் தண்ணீரையும் எடுத்துவைத்துக்கொண்டே, "குடும்பத்தில முன்னம் காலமான ஆக்கள் இருந்தால் பேரைச் சொல்லுங்கோ, சேர்த்துச் செய்வம்" என்றார்.

அக்கா அப்பாவின் பெயரைச் சொன்னார். தாத்தா பெயரைச் சொன்னார். நிறுத்தினார். மாமா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஒராள் இருக்கு ஐயா," என்றார் அக்கா. "ஆனால் திதி தெரியாது."

"காணாமல் போனவரோ?" தர்ப்பையை முறித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல்தான் குருக்கள் கேட்டார்.

"ஓம்."

"திதி தெரியாதவைக்கு அமாவாசை. நான் எத்தினை பேருக்குச் செய்யிறன்."

அக்காவுக்கு அது விளங்காதது போல இருந்தது. "ஒண்டும் தெரியாமலே செய்யலாமோ?"

"தெரியாட்டித்தான் அம்மா அமாவாசை."

"உயிரோட இருந்தால்?"

குருக்கள் இப்போதுதான் நிமிர்ந்தார். இளம் வயதுதான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. கையிலிருந்த தர்ப்பையை இலையில் வைத்தார்.

"இருந்தால் ஒரு நாளைக்கு வந்து என்னை ஏசட்டும். நான் காலில விழுறன். பேரைச் சொல்லுங்கோ."

அக்கா கையை நீட்டினார். குருக்கள் அதில் எள்ளை வைத்தார். அக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மழை கராஜின் தகரக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது.

"கேக்கேல்லை அம்மா. இன்னொருக்கால் சொல்லுங்கோ."

அக்கா சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. விளையாடப் போன பிள்ளையை இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிடுவது போல அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டார். தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.